சைக்கிள் பழகியவர் மோட்டார்சைக்கிள் பழகும்போது



பதினாறு வயது நிறைந்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான். "சார், நான் ஏழு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறேன். இரண்டு சக்கரத்தில் விழாமல் நிற்பதுதானே பெரிய வித்தை? அது எனக்கு வந்துவிட்டது. மோட்டார் ஓட்ட எனக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்றான். மலேசியாவில் பி2 உரிமத்திற்குக் குறைந்த வயது 16. அவனுக்கு அந்த வயது வந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. உடனே மறுத்துப் பேச என்னால் இயலவில்லை. ஏனெனில் அவன் கூறியதில் பாதி முற்றிலும் உண்மை. எஞ்சிய பாதி எவ்வளவு பிழையானது என்பதை நானே ஒருமுறை உடம்பால் அறிந்திருக்கிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். பால் வாளிகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் அவர் ஓட்டிச் சென்ற பெரிய கம்பிச் சைக்கிளில்தான், பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதித்து, நான் சைக்கிள் பழகினேன். பிறகு வீட்டிற்கு ஒரு பழைய கப்சாய் வந்தது. அதை ஓட்ட எனக்கு அரை நாள் போதுமாயிருந்தது. ஓராண்டு கழித்துப் பெரியப்பா மகன் தம்முடைய கிளட்ச் வைத்த மோட்டார்சைக்கிளை என்னிடம் கொடுத்தார். தோட்டத்துச் சாலை ஓர் இறக்கத்தில் பெரிய சாலையைச் சந்திக்கும். அவ்விடத்தில் ஒரு லாரி வருவதைக் கண்டேன். கண்டதும் இடக்கைப் பிடியை இறுக அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை, இன்னும் விரைவாக உருண்டது. இரண்டாம் முறையும் அதே பிடியைத்தான் அழுத்தினேன். லாரி ஓட்டுநர் ஒதுங்கிச் சென்றதால் நான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நான் அழுத்தியது பிரேக் அன்று, கிளட்ச். தந்தையாரின் சைக்கிளில் இடக்கைப் பிடி பின்சக்கரத்தை நிறுத்தும். கிளட்ச் வண்டியிலோ அதே இடத்தில் உள்ள பிடி, இயந்திரத்தைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். இறக்கத்தில் இயந்திரத்தின் இழுவையும் இல்லாமற் போனால் வண்டி தன் எடையாலேயே ஓடும். இடையில் ஓராண்டு கப்சாய் ஓட்டியிருந்தும் சைக்கிள் பழக்கம் என் கையைவிட்டு நீங்கவில்லை. கப்சாயில் இடக்கைக்குப் பிடியே இல்லை. ஆதலால் அப்பழக்கம் உறங்கிக்கொண்டிருந்தது. கைக்கு ஒரு பிடி கிடைத்ததும், அதுவும் அச்சம் வந்த கணத்தில், விழித்துக்கொண்டது.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, சைக்கிள் ஓட்டிய பழக்கம் மோட்டார்சைக்கிள் பழக உதவுமா என்னும் கேள்வியைத் தேநீர்க்கடைப் பேச்சாக விட்டுவிட நமக்கு உரிமையில்லை. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாலாம், ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி இது.

பழகுதல் என்னும் சொல்

தமிழ் நமக்கு இங்கே ஒரு நல்ல சொல்லைத் தருகிறது. கணக்கைக் கற்கிறோம், பாடத்தைப் படிக்கிறோம். சைக்கிளையோ பழகுகிறோம். குழந்தை நடை பழகுகிறது. மனிதரோடு மனிதர் பழகுகிறார்கள். காளையை ஏருக்குப் பழக்குகிறார்கள். கற்றல் என்பது அறிவில் நிகழ்வது. பழகுதல் என்பது உடம்பும் ஒரு பொருளும் ஒன்றையொன்று அறிந்துகொள்வது. அவ்வாறு அறிந்துகொண்டது பழக்கம் ஆகிறது. அப்பழக்கமே 'விட முடியாத வழக்கம்' என்னும் பொருளும் தருகிறது. திறமைக்கும் தளைக்கும் தமிழில் ஒரே பெயர்.

1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் மைக்கேல் போலானி என்னும் அறிஞர் சைக்கிளோட்டியையே சான்றாகக் காட்டினார். சைக்கிள் ஓட்டுபவர் விழாமல் ஓட்டுகிறார். ஆனால் எந்த விதியைப் பின்பற்றி ஓட்டுகிறார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாத அறிவும் அறிவே என்பது அவர் கருத்து. நமக்குப் பயன்படும் கேள்வி இதற்கு அடுத்தது: சொல்லத் தெரியாத அறிவு ஒரு வண்டியிலிருந்து வேறொரு வண்டிக்குத் தானாகக் குடிபெயருமா?

இக்கேள்வியை ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் வேறு பெயரில் அறிவார்கள்: பயிற்சி மாற்றம். ஒரு காலத்தில் இலத்தீன் படித்தால் பிள்ளைகளின் பொது அறிவாற்றலே கூர்மை பெறும், அக்கூர்மை எந்தப் பாடத்திற்கும் உதவும் என்று மேலைநாட்டுப் பள்ளிகள் நம்பின. 1901இல் எட்வர்டு தார்ண்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் தங்கள் ஆய்வுகளால் அந்நம்பிக்கையை ஆட்டிவைத்தனர். ஒரு செயலில் பெற்ற பயிற்சி மற்றொரு செயலுக்கு உதவுவது, இரண்டிலும் ஒத்த கூறுகள் எவ்வளவு உள்ளனவோ அவ்வளவே என்பது அவர்கள் கண்ட முடிவு. இதனை ஒத்த கூறுகள் கோட்பாடு என்பர். தூண்டுதல் ஒன்றாக இருந்து, செய்ய வேண்டிய செயல் மட்டும் வேறாக இருந்தால், பழைய பயிற்சி உதவாமற் போவதோடு நில்லாமல் இடையூறாகவும் ஆகும். இறக்கத்தில் என் இடக்கை செய்தது அதுவே.

ஒரே கருவறையில் பிறந்தவை

இவ்விரு வண்டிகளுக்கும் ஒத்த கூறுகள் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பம். 1817இல் கார்ல் வான் டிரைஸ் செருமனியின் மன்ஹைம் நகரில் ஓட்டிக்காட்டிய மரவண்டிக்கு மிதிகட்டை இல்லை. அமர்ந்தபடி கால்களால் தரையை உதைத்து உதைத்துச் செல்ல வேண்டும். இன்று சிறு குழந்தைகளுக்கு வாங்கித் தருகிறோமே, மிதிகட்டை இல்லாத சிறு சைக்கிள், அது ஏறத்தாழ இந்த வண்டிதான். பிறகு 1885ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ந்தன. இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இன்றைய வடிவுடைய சைக்கிளை உருவாக்கினார். செருமனியில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் பெட்ரோல் இயந்திரம் பொருத்தி முதல் மோட்டார்சைக்கிளை ஓட்டினர். அந்த முதல் மோட்டார்சைக்கிளுக்கு இருபுறமும் இரண்டு சிறு துணைச்சக்கரங்கள் இருந்தன என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

நம் சாலைகளை நிறைத்திருக்கும் கப்சாய்க்கும் இவ்வாறே ஒரு சைக்கிள் முன்னோர் உண்டு. போர் முடிந்தபின் 1946இல் சோய்ச்சிரோ ஹோண்டா, படையினரின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு இயந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். அந்தத் தொழிலிலிருந்து வளர்ந்த நிறுவனம் 1958இல் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. கைக்கிளட்ச் இல்லாமல், காலைத் தூக்கிப் போடாமல் ஏறும்படியான சட்டத்தோடு அமைந்த வண்டி. 2017க்குள் அவ்வகையில் பத்துக் கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. சைக்கிளிலிருந்து இறங்கியவர் அச்சமின்றி ஏறக்கூடியதாக இருந்ததே அதன் வெற்றிக்குப் பெருங்காரணம் என்பேன். தோட்டத்து மக்கள் சைக்கிளிலிருந்து கப்சாய்க்கு மாறியபோது பயிற்சிப் பள்ளி எதையும் நாடாமலே மாறினார்கள், மாற முடிந்தது. அந்த எளிமைதான் என் மாணவனின் நம்பிக்கைக்கும் வேர்.

இடப்புறம் திரும்ப வலப்புறம் திருப்புதல்

ஒத்த கூறுகளில் தலையாயது சமநிலை. இரு சக்கர வண்டி எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறது என்று கேட்டால், உடலை ஆட்டிச் சமன்செய்கிறோம் என்றுதான் பெரும்பாலோர் விடை கூறுவர். உண்மையில், வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் கைப்பிடியைச் சற்றே திருப்பி, சக்கரங்களை உடம்பின் அடியில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். உள்ளங்கையில் துடைப்பத்தை நிமிர்த்தி நிறுத்தும் சிறுவன், அது சாயும் பக்கம் கையை நகர்த்துகிறான் அல்லவா, அதே வேலைதான்.

இதனால் ஒரு விந்தையான விளைவு உண்டு. இடப்புறம் திரும்ப வேண்டுமானால் வண்டி முதலில் இடப்புறம் சாய வேண்டும். இடப்புறம் சாய வேண்டுமானால் சக்கரங்கள் ஒரு கணம் வலப்புறம் விலக வேண்டும். ஆகவே, இடப்புறம் திரும்பும் ஒவ்வொரு சைக்கிளோட்டியும் கைப்பிடியை முதலில் வலப்புறம் சற்றே திருப்புகிறார். திருப்புவதை அவர் அறிவதில்லை. வானூர்தி கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களில் மூத்தவரான வில்பர், தமக்குத் தெரிந்த சைக்கிளோட்டிகள் பலரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். நாள்தோறும் இதைச் செய்துகொண்டிருந்தவர்களே, முதலில் கேட்டபோது இதைச் சரியாகச் சொல்லவில்லை.

வகுப்பில் காட்டிவிடலாம். பள்ளித் திடலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் சிறிது நீர் ஊற்றி, ஒரு மாணவரை அதன்மீது சைக்கிள் ஓட்டிச் சென்று சட்டென்று இடப்புறம் திரும்பச் சொல்லுங்கள். பிறகு முன்சக்கரத்தின் ஈரத்தடத்தைக் குனிந்து பாருங்கள். இடப்புறம் வளைவதற்கு முன் வலப்புறமாக ஒரு சிறு பிதுக்கம் தெரியும். முதல் முறை தெளிவாகத் தெரியாவிட்டால் சற்று விரைந்து வரச் சொல்ல வேண்டும். இந்த ஒரு செய்முறையை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்; சைக்கிள் ஓட்டிய மாணவரே தம் தடத்தைப் பார்த்து அதிகமாக வியப்பார்.

சக்கரம் பம்பரம்போல் சுழல்வதால் வண்டி விழாமல் நிற்கிறது என்னும் விளக்கம் பாடநூல்களிலும் புகுந்திருக்கிறது. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், முன்சக்கரத்தோடு எதிர்த்திசையில் சுழலும் மற்றொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை நீக்கிப் பார்த்தார். அந்தச் சைக்கிளையும் அவரால் ஓட்ட முடிந்தது. 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பம்பர விளைவும் இன்றி, முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தின் பின்னடைவும் இன்றி ஒரு சிறு வண்டியைச் செய்து, அது தானாகவே நிமிர்ந்து உருளுவதைக் காட்டினர். இரு நூற்றாண்டாக ஓட்டிவரும் வண்டியைப் பற்றி இன்னும் ஆராய இடமிருக்கிறது.

சைக்கிளில் பழகிய இந்த எதிர்த்திருப்பம் மோட்டார்சைக்கிளுக்கு அப்படியே வந்துசேர்கிறது. இதனால்தான் சைக்கிள் தெரிந்தவர் முதல் நாளே வண்டியை நேராக ஓட்டிவிடுகிறார். நம் நாட்டுத் தேர்விலும் சிங்கப்பூர்த் தேர்விலும் உள்ள ஒடுங்கிய பலகையின்மீது மெல்லச் செல்லுதல், எட்டு வடிவில் சுற்றுதல், கூம்புகளுக்கிடையே நெளிந்து ஓட்டுதல் ஆகியவற்றில், சைக்கிளில் வளர்ந்தவர்கள் பிறரைவிட விரைவில் தேர்ச்சி பெறுவதைப் பயிற்சித் திடலில் அரை மணி நேரம் நின்றாலே காணலாம். சைக்கிளே அறியாத ஒருவர் அதே திடலில் தம் கால்களைத் தரையிலிருந்து எடுக்கவே அஞ்சுவார். கேள்விக்கு 'ஆம், உதவும்' என்று விடை சொல்ல வேண்டிய இடம் இதுவே. அதில் எனக்கு ஐயமில்லை.

எனினும் உடம்புக்குத் தெரிந்து, அறிவுக்குத் தெரியாத திறனுக்கு ஒரு குறை உண்டு. சைக்கிள் பதினைந்து கிலோ. உடம்பைச் சற்று அசைத்தாலே அது கேட்கும். கப்சாய் ஏறத்தாழ நூறு கிலோ. அதனை விரைந்து செல்லும்போது ஒரு பக்கம் திருப்ப, அப்பக்கத்துக் கைப்பிடியை உள்ளங்கையால் தெரிந்தே முன்னோக்கித் தள்ள வேண்டும்: இடப்புறம் செல்ல இடப்பிடியை, வலப்புறம் செல்ல வலப்பிடியை. தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு, 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தின் முந்திய கணத்தில் இவ்வாறு தள்ளி விலகிச் செல்லும் திறன் ஓட்டுநர்களிடம் ஏறக்குறைய அற்றே போயிருந்தது என்று அவ்வறிக்கை கண்டது. அவ்விபத்துகளில் சிக்கியோரில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ உறவினர், நண்பர் வழியாகவோ ஓட்டப் பழகியவர்கள். அவர்கள் அமெரிக்கர்கள், காலமும் வேறு. ஆயினும் பெரியப்பா மகனிடம் வண்டி வாங்கி ஓட்டிய எனக்கு அந்த எண் அயலாகத் தோன்றவில்லை.

கை ஏமாற்றும் இடங்கள்

இடக்கைப் பிடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எல்லாச் சைக்கிளிலும் இடப்பிடி பின்சக்கரத்திற்கு உரியதன்று, மாறியும் வரும். ஸ்கூட்டரில் இடப்பிடி மெய்யாகவே பின்பிரேக்தான். ஆகையால் சைக்கிளிலிருந்து ஸ்கூட்டருக்குச் செல்பவருக்கு இந்த இடர் இல்லை. கப்சாயில் இடக்கைக்குப் பிடியே கிடையாது; பின்பிரேக் வலக்காலில். கிளட்ச் வண்டியில் இடப்பிடி கிளட்ச். மூன்று வண்டிகள், ஒரே இடத்தில் மூன்று பொருள். சிங்கப்பூரில் 18 வயதில் 2பி வகுப்பு உரிமத்திற்குப் பயில்பவர் கிளட்ச் வண்டியிலேயே தொடங்குவதால், சைக்கிள் கை அங்கே முதல் நாளே வெளிப்பட்டுத் திருத்தம் பெறும். நம் நாட்டில் கப்சாயில் தேர்வெழுதி உரிமம் பெற்ற பிள்ளை, பிறகு நண்பனின் கிளட்ச் வண்டியை ஒரு மாலைப்பொழுது வாங்கி ஓட்டும்போதுதான் அது வெளிப்படுகிறது. அன்று அருகில் பயிற்றுநர் இருக்கமாட்டார்.

அடுத்தது முன்பிரேக் அச்சம். சைக்கிள் பழகும் பிள்ளையிடம் பெரியவர்கள் முதலில் சொல்வது, "முன்பிரேக்கை மட்டும் பிடிக்காதே, குப்புற விழுவாய்" என்பதே. சைக்கிளுக்கு அந்த அறிவுரை பொருந்தும். அமர்பவரின் எடை உயரத்தில் இருக்கிறது; சக்கரங்களுக்கு இடையே தூரம் குறைவு; முன்சக்கரம் சட்டென்று நின்றால் பின்சக்கரம் எழும்பிவிடும். மோட்டார்சைக்கிளிலோ வண்டியின் எடை தாழ்ந்தும் நீண்டும் பரந்திருக்கிறது. வேகத்தைக் குறைக்கத் தொடங்கியதும் பாரம் முன்சக்கரத்தின்மீது இறங்க, அச்சக்கரத்தின் பிடிப்பு கூடுகிறது. பின்சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்கத் தொடங்குகிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கிடம்தான் உள்ளது. அதனைச் சட்டென்று இழுக்காமல், அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பிடிக்க வேண்டும். சைக்கிள் அச்சத்தை மறவாதவர் வலக்காலால் பின்பிரேக்கை மட்டும் மிதித்து, சக்கரம் இறுகி, வண்டி பக்கவாட்டில் இழுக்கப்பட்டு விழுகிறார். முற்கூறிய அறிக்கையும் இதையே கண்டது: பெரும்பாலோர் பின்பிரேக்கை அளவுக்கு மீறியும் முன்பிரேக்கைப் போதாமலும் பயன்படுத்தினர். அன்போடு சொன்ன அறிவுரை வேறொரு வண்டிக்குப் போனதும் தீங்காகிறது.

சைக்கிளில் ஒத்த கூறே இல்லாதது வலக்கை மணிக்கட்டு. சைக்கிளோட்டி அஞ்சினால் மிதிப்பதை நிறுத்திவிடுவார். உந்துவிசை அக்கணமே அறும். மோட்டார்சைக்கிளில் வேகத்தைக் கூட்டும் முறுக்கு வலக்கைப்பிடியில் உள்ளது. வண்டி எதிர்பாராமல் முன்னே பாயும்போது ஓட்டுநரின் உடம்பு பின்னே சாய்கிறது. விழாதிருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார். பற்றிய கை பின்னோக்கி மடங்க, முறுக்கு இன்னும் திறக்கிறது. அஞ்ச அஞ்ச வண்டி விரைகிறது. முதல் நாள் வேலியில் மோதி நிற்கும் வண்டிகள் பலவற்றின் கதை இதுவே. மணிக்கட்டைத் தாழ்த்தி வைத்துப் பிடிக்கும் முறையை, இயந்திரத்தை இயக்காமலே முதலில் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

கியர் மாற்றுவதை இவ்வரிசையில் சேர்க்கமாட்டேன். அது புதிது, அவ்வளவே; பழைய பழக்கம் எதுவும் அதனோடு மோதவில்லை. இரண்டு வாரத்தில் கால் அறிந்துகொள்ளும்.

பழைய பழக்கம் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின் 2015இல் காணொளியில் காட்டிய சோதனை நல்ல சான்று. கைப்பிடியை இடப்புறம் திருப்பினால் சக்கரம் வலப்புறம் திரும்பும்படி அமைத்த சைக்கிளை ஓட்டப் பழக அவருக்கு எட்டு மாதமாயிற்று. அவருடைய சிறு மகன் இரண்டே வாரத்தில் பழகிவிட்டான். ஒரு குடும்பத்துச் செய்தியைப் பொதுவிதியாக்கக் கூடாதுதான். என்றாலும், நெடுங்காலம் ஊறிய பழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பதை அது கண்முன் நிறுத்துகிறது.

32 மடங்கு

என் மாணவன் மறந்தது மற்றொன்று. அதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினேன்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சைக்கிளில் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் செல்கிறார். அதே ஆள் 100 கிலோ கப்சாயில் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் செல்கிறார். மொத்த எடை 85இலிருந்து 170 ஆகி இரு மடங்காயிற்று. வேகம் நான்கு மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பதினாறு இரண்டு முப்பத்திரண்டு. சைக்கிளில் ஏறத்தாழ 1,060 ஜூல். கப்சாயில் 34,000 ஜூல்.

நிறுத்தும் தூரத்தையும் பார்ப்போம். இடரைக் கண்டு கை செயற்பட ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். அந்த ஒரு நொடியில் சைக்கிள் 5 மீட்டர் கடக்கும், கப்சாய் 20 மீட்டர். பிறகு இரண்டும் நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகம் குறையும்படி நிறுத்தப்பட்டால், சைக்கிளுக்கு இரண்டரை மீட்டரும் கப்சாய்க்கு 40 மீட்டரும் தேவை. கூட்டிப் பார்த்தால் ஏழரை மீட்டர் ஒருபுறம், 60 மீட்டர் மறுபுறம். ஏழரை மீட்டர் வகுப்பறையின் நீளத்திற்குள் அடங்கும். 60 மீட்டருக்குப் பள்ளிக் கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வேண்டும். மாணவனை நடந்து பார்க்கச் சொன்னேன். அடியெண்ணிக்கொண்டு போனவன் பாதி வழியிலேயே திரும்பி என்னைப் பார்த்தான்.

வளைவிலும் இதே கணக்குத்தான். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும் வண்டி ஏறத்தாழ 27 பாகை சாயும். வேகம் இரட்டித்தால், அதே சாய்வில் திரும்புவதற்கு வளைவின் ஆரம் 20 மீட்டர் ஆக வேண்டும். சைக்கிளில் பழகிய கண், 'இந்த வளைவு எனக்குப் போதும்' என்று மதிப்பிடும்; அம்மதிப்பீடு மிதித்துச் செல்லும் வேகத்திற்கு உரியது. உடம்பின் சமநிலை புது வண்டிக்குக் குடிபெயர்வதுபோல் கண்ணின் அளவுகோல் குடிபெயர்வதில்லை. வந்துகொண்டிருக்கும் காருக்கும் தமக்கும் உள்ள இடைவெளியைக் கணிப்பதும் அப்படியே புதிதாகப் பழக வேண்டியது.

கண்ணைக் குறைகூறிவிட்டேன், அதற்கு நியாயமும் செய்ய வேண்டும். சாலையில் சைக்கிள் ஓட்டியவரின் கண் வேறு சிலவற்றை அறிந்திருக்கிறது. மழைக்குப் பிறகு வழுக்கும் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும், சந்திப்பில் சிதறிக் கிடக்கும் மணலும், நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறக்கப்போகும் அறிகுறியும், கைப்பிடி அசையாமல் தோள்வழியே திரும்பிப் பார்க்கும் பக்குவமும் அவருக்குத் தெரியும். காரில் மட்டுமே சென்று வளர்ந்த பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் புதுப்பாடம். எல்லாவற்றிற்கும் மேலாக, பெரிய வண்டிக்காரர் தம்மைப் பார்த்திருக்கமாட்டார் என்று முன்கூட்டியே கருதும் எச்சரிக்கை சைக்கிளோட்டிக்கு உண்டு. மோட்டார்சைக்கிளில் ஏறியதும் பலர் முதலில் இழப்பது அதைத்தான்; இயந்திரத்தின் ஓசை தங்களைப் பெரியவர்களாக்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பயிற்சித் திடலில்

ஆகவே, சைக்கிள் தெரிந்த மாணவருக்கும் தெரியாத மாணவருக்கும் ஒரே வரிசையில் பாடம் நடத்துவது சரியன்று. தெரிந்தவருக்குச் சமநிலைக்கென்று நேரம் செலவிட வேண்டா. மிச்சமாகும் நேரத்தைக் கைக்குக் கொடுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து, இயந்திரத்தை அணைத்து, 'நில்' என்று பயிற்றுநர் கூவும்போதெல்லாம் வலக்கையும் வலக்காலும் மட்டும் செயற்படும்வரை, எண்ணிச் சலிக்கும் அளவுக்குச் செய்யச் சொல்ல வேண்டும். அதன்பின் இயந்திரத்தை இயக்கி, மணிக்கு இருபது கிலோமீட்டரில் தொடங்கி, முன்பிரேக்கை மெல்ல அழுத்தி நிறுத்தும் பயிற்சி. உள்ளங்கையால் தள்ளித் திரும்புவதைச் சைக்கிளிலேயே முதலில் தெரிந்து செய்யச் சொல்லிப் பிறகு மோட்டார்சைக்கிளில் செய்யச் சொன்னால், உடம்பில் இருந்ததை அறிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். கப்சாயில் உரிமம் பெற்றவர் கிளட்ச் வண்டியைத் தொடுவதற்கு முன் இதே கைப்பயிற்சியை மீண்டும் ஒருமுறை தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு திடலைச் சுற்றி வருவதும் நல்லது. நூறு கிலோ எவ்வளவு சாய்ந்தால் தன்னால் தாங்க முடியாது என்பதைக் கை அறிந்துகொள்ளும்.

அந்த மாணவனின் தங்கைக்குச் சைக்கிளே தெரியாதாம். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை. நம் நகரங்களில் இத்தகைய பிள்ளைகள் இப்போது பெருகிவருகிறார்கள். "அவள் மோட்டார் பழக வேண்டுமானால் என்ன செய்வது, சார்?" என்று அவனே பிறகு கேட்டான். ஒரு பழைய சைக்கிளின் மிதிகட்டைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி இருக்கையைத் தாழ்த்தி, ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் சிறு சரிவாகப் பார்த்து, காலால் உந்தி உருளச் சொல்லும்படி கூறினேன். துணைச்சக்கரம் பூட்ட வேண்டா என்றும் சொன்னேன். துணைச்சக்கரம் பூட்டிய சைக்கிள் சாயாது. சாயாத வண்டியில், இடப்புறம் திருப்பினால் இடப்புறம் போகும் என்று கை பழகிவிடும். பிறகு அதையும் மறக்கடிக்க வேண்டும். ஒரு வாரம் போதும் என்றேன். ஐந்தாம் நாளே கால்களைத் தூக்கிக்கொண்டு சரிவு முழுவதும் உருண்டுவிட்டாளாம். மிதிகட்டைகளைத் திரும்பப் பூட்டச் சொல்லி அண்ணனை நச்சரிக்கிறாளாம்.